உயிரோட இருக்குறப்ப யாராலயும் பாக்க முடியாத காது: கண்ணாடி ஸ்லைடுல இருந்து ஸ்கிரீனுக்கு

காது மடலுக்குப் பின்னாடி விரலை வெச்சு அழுத்திப் பாருங்க, கல்லு மாதிரி ஒரு மேடு தட்டுப்படும். அங்கேருந்து மண்டையோட நடுவைப் பாத்து உள்ள போற எலும்புலதான் உள்காது புதைஞ்சு கெடக்கு. நெத்திப்பொட்டு எலும்புன்னு சொல்லலாம், டாக்டருங்க டெம்போரல் போன்னு சொல்லுவாங்க, நானும் இனிமே அப்படியே சொல்லிக்கிறேன். அதுலயும் உள்காதைச் சுத்தி இருக்குற பகுதி உடம்புலயே ரொம்பக் கெட்டியான எலும்பு. ஆயிரக்கணக்கான வருஷம் மண்ணுல கெடந்த எலும்புக்கூட்டுல டிஎன்ஏ தேடுறவங்ககூட மொதல்ல இங்கதான் துளை போட்டுப் பாப்பாங்க, வேற எங்க அழிஞ்சாலும் இங்க கொஞ்சம் மிஞ்சியிருக்கும்னு.

இந்தக் கெட்டிக்குள்ள நத்தை ஓடு மாதிரி ரெண்டரைச் சுத்து சுத்தின ஒரு குழாய் இருக்கு, அதுதான் காக்ளியா. பிரிச்சு நீட்டினா கிட்டத்தட்ட 35 மி.மீ வரும், நம்ம சுண்டுவிரல்ல பாதிக்கும் கொஞ்சம் மேல. அதுக்குள்ள ஹேர் செல்னு ஒண்ணு, உள்வரிசையில சுமார் 3,500, வெளிவரிசைகள்ல சுமார் 12,000. பேரைக் கேட்டு முடின்னு நெனைக்காதீங்க, செல்லோட தலையில பிரஷ் மாதிரி நிக்கிற நுனிகளுக்காக வெச்ச பேரு அது. சத்தத்தை நரம்புக்குப் புரியுற சிக்னலா மாத்துறது இதுங்கதான். கண்ணுல வெளிச்சத்தைப் பிடிக்கிற செல்லு கோடிக்கணக்குல இருக்கு, காதுக்கு மொத்தமே பதினஞ்சாயிரம் சொச்சம்தான், அதுவும் போனா போனதுதான், மனுஷனுக்குத் திரும்ப முளைக்காது.

இப்ப பிரச்சினை என்னன்னா, லிவர்ல ஏதாவதுன்னா ஊசியை விட்டு ஒரு துணுக்கு எடுத்து மைக்ராஸ்கோப்ல பாத்துடலாம், தோலு, கிட்னி எல்லாத்துக்கும் இப்படி பயாப்சி இருக்கு. உள்காதுல அதைச் செய்ய முடியாது. அது திரவம் நெறஞ்ச மூடின அறை, கேக்குற ஆளோட காக்ளியாவுல ஓட்டை போட்டு சதை எடுத்தா நோயைக் கண்டுபிடிக்கிறதுக்கு முன்னாடி காது போயிடும். சிடி, எம்ஆர்ஐ எடுக்கலாமேன்னு கேப்பீங்க. எடுக்கலாம், எலும்பு ஒடஞ்சிருக்கா, கட்டி இருக்கா, நரம்பு இருக்கா இல்லையான்னு சொல்லிடும், ஆனா ஒரு ஹேர் செல் 10 மைக்ரான் அகலம்கூட இருக்காது, ஒரு மில்லிமீட்டரை நூறு துண்டாப் போட்டா ஒரு துண்டு. ஆஸ்பத்திரி ஸ்கேனுக்கு அதெல்லாம் எட்டாத தூரம்.

ஆக, காது கேக்காமப் போன ஒருத்தரோட காதுக்குள்ள நெஜமா என்ன ஆச்சுன்னு செல் அளவுல தெரிஞ்சுக்க ஒரே வழி, அவர் எறந்தப்புறம் அந்த எலும்பை எடுத்துப் பாக்குறது. அதுக்குப் பெரும்பாலும் அவர் உயிரோட இருக்குறப்பவே சம்மதம் எழுதிக் கொடுத்திருப்பாரு. இப்படி சேத்து வெச்சிருக்குற எலும்புகளையும், அதுலேருந்து சீவின ஸ்லைடுகளையும்தான் டெம்போரல் போன் கலெக்ஷன்னு சொல்றாங்க. அந்தக் கண்ணாடி ஸ்லைடுகளை ஸ்கேன் பண்ணி கம்ப்யூட்டர்ல ஏத்துறதைப் பத்திதான் இந்தக் கட்டுரை. நான் ஒரு பாத்தாலஜி லேப்ல ஸ்லைடு ஸ்கேன் பண்றவன், காது டாக்டர் இல்ல, அதை மனசுல வெச்சுப் படிங்க.

சேத்து வெக்கிறதுல கோட்டை விட்டா என்ன ஆகும்கிறதுக்கு, காது கேக்காமப் போன இசைமேதை பீத்தோவன் கதை ஒண்ணு போதும். 1827 மார்ச் 26 அன்னிக்கு வியன்னாவுல எறந்தாரு, மறுநாளே யோகான் வாக்னர்ங்கிற டாக்டர் பிரேதப் பரிசோதனை பண்ணாரு. கேக்குற நரம்பு சுருங்கிப் போயிருந்துச்சுன்னு அறிக்கையில இருக்கு. பின்னால நிதானமாப் பாக்கலாம்னு ரெண்டு பக்கத்து டெம்போரல் போனையும் அறுத்துத் தனியா எடுத்து வெச்சாங்க. அப்புறம் அது காணாமப் போச்சு! எங்க போச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் யாருக்கும் தெரியாது. அதனாலதான் உலகத்துலயே பேர்பெத்த அந்த செவிட்டுத்தன்மைக்கு என்ன காரணம்னு இருநூறு வருஷமா ஆளாளுக்கு ஒண்ணு சொல்லிட்டு இருக்காங்க. அந்த ரெண்டு எலும்பு மட்டும் கையில இருந்தா பாதி வாக்குவாதம் அன்னிக்கே முடிஞ்சிருக்கும்.

சரி, எலும்புல இருந்து ஸ்லைடு எப்படி வருது? இதைத் தெரிஞ்சுக்கிட்டாத்தான் ஒவ்வொரு ஸ்லைடும் ஏன் இவ்ளோ மதிப்புன்னு புரியும்.

எறந்து சில மணி நேரத்துலயே ஹேர் செல்லு எல்லாம் கரைய ஆரம்பிச்சுடும், அதனால முடிஞ்ச வரைக்கும் 24 மணி நேரத்துக்குள்ள எடுத்துடணும், எவ்ளோ சீக்கிரமோ அவ்ளோ நல்லது. மண்டை ஓட்டோட உள்பக்கமா எடுக்குறதால முகமும் வெளிக்காதும் அப்படியே இருக்கும், பாக்க வர்றவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. குடும்பத்துல மொதல்ல கேக்குற கேள்வி இதுதான்கிறதால சொல்லி வெக்கிறேன். எடுத்ததை ஃபார்மலின்ல போட்டு வாரக்கணக்குல வெப்பாங்க, சதை கெடாம நிக்கும். ஆனா எலும்பு எலும்பாவே இருக்கே, பிளேடு போட்டா பிளேடுதான் ஒடையும். அதனால அதுல இருக்குற கால்சியத்தை மெல்ல உறிஞ்சி எடுக்கணும், அதுக்கு ஈடிடிஏங்கிற ரசாயனத்துல ஊற வெக்கிறாங்க, மாசக்கணக்குல, சில சமயம் வருஷம்கூட ஆயிடும். ஆசிட்ல போட்டா சீக்கிரம் முடியும், ஆனா செல்லு அடி வாங்கும்.

கல்லா இருந்தது ரப்பர் மாதிரி ஆனப்புறம் தண்ணியை ஆல்கஹாலால வெளியேத்திட்டு செல்லாய்டின்னு ஒரு பொருளுக்குள்ள ஊற வெக்கிறாங்க. ஈதரும் ஆல்கஹாலும் கலந்த கரைசல்ல நைட்ரோசெல்லுலோஸ், மொதல்ல தண்ணியா, அப்புறம் கொஞ்சம் கெட்டியா, அப்புறம் இன்னும் கெட்டியான்னு படிப்படியா மாத்தி மாத்தி, இதுவும் மாசக்கணக்கு. பழைய சினிமா பிலிம் சுருள் தீப்பிடிச்சு தியேட்டர் எரிஞ்ச கதையெல்லாம் கேட்டிருப்பீங்களே, அந்த நைட்ரேட் பிலிமும் இதுவும் ஒரே குடும்பம். மத்த பெரும்பாலான டிஷ்யூவுக்கும் பாரஃபின் மெழுகு போதும், ஒரு நாள்ல வேலை முடிஞ்சிடும். காதுக்கு மட்டும் ஏன் இந்தப் பாடுன்னா, கெட்டி எலும்பு, காத்து அறை, திரவ அறை, அதுல தொங்குற நூலை விட மெல்லிசான சவ்வு எல்லாம் ஒரே துண்டுல பக்கத்துப் பக்கத்துல இருக்கு, அந்த சவ்வு இடம் மாறாம நிக்கணும்னா அவசரப்படுத்தவே கூடாது.

கடைசியா பெரிய கத்தி வெச்ச மைக்ரோடோம்ல 20 மைக்ரான் கனத்துல சீவுவாங்க, தலைமுடியோட கனத்துல மூணுல ஒரு பங்குன்னு வெச்சுக்கோங்க. ஒரு எலும்புக்கு 400, 500 சீவல் வரும். எல்லாத்துக்கும் வரிசை நம்பர், நம்பர் மாறினா மொத்த வேலையும் வீண். பத்துல ஒண்ணை மட்டும் சாயம் ஏத்தி கண்ணாடியில ஒட்டுவாங்க, மீதி ஒம்பதும் ஆல்கஹால் ஜாடிக்குள்ள போயிடும், அந்த ஜாடி பின்னால மறுபடி வரும், ஞாபகம் வெச்சுக்கோங்க. ஆரம்பத்துலேருந்து முடிவு வரைக்கும் ஒரு எலும்புக்கு ஒரு வருஷத்துக்கு மேல ஆகும். நம்ம லேப்ல சாயங்காலம் வந்த பயாப்சிக்கு மறுநாள் மத்தியானம் ரிப்போர்ட் இல்லேன்னா ஃபோன் அடிச்சுத் திட்டுவாங்க, அந்தப் பழக்கத்துல இருந்து இதைப் பாக்குறப்ப தலை சுத்துது.

இவ்ளோ பாடு படணும்கிறதால இந்த மாதிரி கலெக்ஷன் உலகத்துல விரல்விட்டு எண்ணுற அளவுதான். அமெரிக்காவுல ஜான்ஸ் ஹாப்கின்ஸ்ல 1920கள்லயே சேக்க ஆரம்பிச்சாங்க. மினசோட்டா யுனிவர்சிட்டியில ஒண்ணு, லாஸ் ஏஞ்சலஸ்ல ஹவுஸ் இன்ஸ்டிடியூட்ல இருந்தது இப்ப யூசிஎல்ஏ யுனிவர்சிட்டி கையில. ஜெர்மனியில ஹாம்பர்க்ல விட்மாக்ங்கிற காது டாக்டர் சேத்தது. பாஸ்டன்ல மாஸ் ஐ அண்ட் இயர் ஆஸ்பத்திரியில ஹெரால்ட் ஷுக்நெக்ட் பல வருஷமா வளத்தது ரொம்பப் பெருசு, காது நோய்க்கூறு படிக்கிறவங்க அவர் பேரைத் தாண்டாமப் போக முடியாது. 1992ல அமெரிக்க அரசோட செவித்திறன் ஆராய்ச்சி அமைப்பு இதுக்குன்னே ஒரு தேசியப் பதிவகம் ஆரம்பிச்சு அதை பாஸ்டன்லயே வெச்சாங்க, எலும்பு தானம் எழுதிக் கொடுக்குறவங்க பேரைப் பதியுறது, எங்க எந்த ஸ்லைடு இருக்குன்னு கணக்கு வெக்கிறது அதோட வேலை.

இதையெல்லாம் சேத்து வெச்சு என்ன கிடைச்சுது?

மெனியே நோய்னு கேள்விப்பட்டிருப்பீங்க, திடீர்னு உலகமே சுத்தும், காதுல இரைச்சல், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக் காது மந்தமாகும். பிரெஞ்சு டாக்டர் பிராஸ்பர் மெனியே 1861லயே இது மூளை நோய் இல்ல, உள்காது சமாச்சாரம்னு சொல்லிட்டாரு. ஆனா உள்ள என்னதான் கெட்டுப்போச்சுன்னு தெரிய 1938 வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்துச்சு. அந்த வருஷம் லண்டன்ல ஹால்பைக்கும் கெய்ர்ன்ஸும், ஜப்பான்ல யமகாவாவும், ஒருத்தருக்கொருத்தர் தொடர்பே இல்லாம, எறந்துபோன நோயாளிகளோட டெம்போரல் போனைச் சீவிப் பாத்து ஒரே விஷயத்தைச் சொன்னாங்க: உள்காதுல ஒரு பகுதி திரவம் தேங்கி பலூன் மாதிரி உப்பியிருக்கு. 77 வருஷம் நின்ன கேள்விக்கு ரெண்டு மூணு பேரோட எலும்பு பதில் சொல்லிடுச்சு.

எனக்கு ரொம்பப் பிடிச்சது வேற ஒண்ணு. சில குடும்பங்கள்ல தலைமுறை தலைமுறையா நடுவயசுல காது மந்தமாகும், நடையும் தள்ளாடும். அந்தக் குடும்பத்து ஆளுங்க எலும்பை பாஸ்டன் குழு பாத்தப்ப, உள்காதுல வேற யார்கிட்டயும் பாக்காத மாதிரி இளஞ்சிவப்பா ஏதோ ஒரு பொருள் அடைஞ்சு கெடந்துச்சு. 1991ல அதை எழுதினாங்க, என்னன்னு தெரியல, இருக்குன்னு மட்டும் எழுதினாங்க. 1998ல காச்ங்கிற ஜீன்ல உள்ள பிழைதான் இந்த நோய்க்குக் காரணம்னு கண்டுபிடிச்சாங்க, அந்த ஜீன் தயாரிக்கிற புரதத்துக்குப் பேரே காக்லின், காது பூரா நெறஞ்சு கெடக்குற புரதம். அப்புறம் பழைய சீவல்களை எடுத்து அந்தப் புரதத்தைத் தேடி ஒட்டுற ஆன்டிபாடி போட்டுப் பாத்தாங்க, அந்த சிவப்பு அடைசல்ல காக்லின் இருந்துச்சு. சாயம் ஏத்தாத சீவல் ஜாடியில இல்லாமப் போயிருந்தா இதுக்கெல்லாம் வழியே இல்ல. இதனாலதான் ஜாடியை ஞாபகம் வெச்சுக்கோங்கன்னேன், ஸ்கேன் பண்ணி முடிச்சாச்சேன்னு அதைத் தூக்கிப் போட நெனைக்கிற ஆபீஸர் எல்லா ஊர்லயும் இருப்பாரு. படத்துல ஆன்டிபாடி ஒட்டாது சார்.

இன்னொண்ணு, 2020ல வந்தது. வயசானா காது ஏன் மந்தமாகுதுங்கிறதுல, உள்காதுக்கு பேட்டரி மாதிரி வேலை செய்யுற ஒரு திசு தேய்ஞ்சு போறது பெரிய காரணம்னு ரொம்ப நாளா பாடத்துல இருந்துச்சு. பாதுகாத்து வெச்சிருந்த 120 உள்காதுகளை எடுத்து, முன்ன மாதிரி செல் இருக்கா இல்லையான்னு மேலோட்டமாப் பாக்காம உக்காந்து எண்ணிப் பாத்தாங்க. பேட்டரி இல்ல, ஹேர் செல் போனதுதான் முக்கியக் காரணம்னு வந்துச்சு. பழைய கண்ணாடி அதேதான், கேட்ட கேள்வியும் பாத்த விதமும் புதுசு. இந்த 120 காதுக்காரங்களுக்கும் உயிரோட இருந்தப்ப எடுத்த ஆடியோகிராம், அதாவது எந்த சத்தம் எவ்ளோ கேக்குதுன்னு அளந்து போட்ட வரைபடம், கூடவே இருந்துச்சுங்கிறதை கவனிங்க, அது இல்லேன்னா இந்த ஆராய்ச்சியே கிடையாது.

சரி இப்ப டிஜிட்டல் பக்கம் வருவோம்.

கண்ணாடி ஸ்லைடுல என்ன கஷ்டம்னா, அது ஒரே ஒரு காப்பி. பாஸ்டன்ல இருக்குறதை மதுரையில இருக்குறவர் பாக்கணும்னா அவர் பிளைட் ஏறணும், இல்ல ஸ்லைடு பார்சல்ல வரணும், பார்சல்ல ஒடஞ்சா திரும்ப செய்ய முடியாது, அந்த மனுஷனுக்கு இன்னொரு காது இல்ல. சாயம் வருஷத்துக்கு வருஷம் வெளிறும், ஒட்டுற பிசின் மஞ்சளாகும், ஓரத்துல காத்துக் குமிழி புகுந்துக்கும். இதுபோக செல்லாய்டின் சீவத் தெரிஞ்ச டெக்னீஷியனுங்க ஓய்வு பெற்றுப் போயிட்டே இருக்காங்க, அந்தக் கைவேலையைப் புதுசாக் கத்துக்குற ஆளு கம்மி. பத்து வருஷம் கழிச்சு ஸ்கேன் பண்ணிக்கலாம்னு விட்டா அப்ப ஸ்கேன் பண்ண வெளிறின கண்ணாடிதான் மிஞ்சும்.

ஸ்கேனர்னா ஜெராக்ஸ் மெஷின் மாதிரி நெனைச்சுக்காதீங்க. உள்ள ஒரு மைக்ராஸ்கோப் லென்ஸ், ஒரு கேமரா, மைக்ரான் கணக்குல நகர்ற ஒரு மேடை. ஸ்லைடை சின்னச் சின்னக் கட்டமா, ஆயிரக்கணக்கான படமா எடுத்து, ஃபோன்ல பனோரமா எடுக்குறப்ப ஓரம் ஓரமா ஒட்டுமே, அதே மாதிரி ஒட்டி ஒரே படமாக்கும். 20 மடங்கு லென்ஸ்ல ஒரு பிக்சல் ஏறக்குறைய அரை மைக்ரான். கணக்குப் போட்டுப் பாருங்க: சீவல் 3 செ.மீ நீளம், 2 செ.மீ அகலம்னு வெச்சா 60,000க்கு 40,000, அதாவது 240 கோடி பிக்சல். சுருக்காம வெச்சா ஒரு ஸ்லைடு 7 ஜிபிக்கு மேல. ஒரு காதுக்கு சாயம் ஏத்தினது மட்டும் 40, 50 ஸ்லைடு. சுருக்கித்தான் வெப்பாங்க, ஆனாலும் ஆயிரக்கணக்குல காதுன்னு வர்றப்ப சர்வர் செலவே தனி பட்ஜெட் ஆயிடும்.

இவ்ளோ பெரிய படத்தை உங்க லேப்டாப் எப்படித் தெறக்கும்? மேப் ஆப்ல இந்தியா பூரா தெரியுறதுலேருந்து உங்க தெருமுனை டீக்கடை வரைக்கும் பெருசாக்கிட்டே போறீங்கல்ல, மொத்த பூமியும் உங்க ஃபோன்ல டவுன்லோடு ஆகுறதில்ல, பாக்குற துண்டு மட்டும் வருது. அதே வித்தை. ஒரே படத்தைப் பெருசு, பாதி, கால், அரைக்கால்னு பல அளவுல அடுக்கி, ஒவ்வொண்ணையும் சதுரம் சதுரமா வெட்டி வெச்சுருப்பாங்க, நீங்க நகத்த நகத்த அந்தந்த சதுரம் மட்டும் வரும். பிரவுசர் போதும். கொஞ்சம் ஆழமாப் பாக்கணும், எண்ணணும்னா பெல்ஃபாஸ்ட்ல உருவான க்யூபாத்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, கத்துக்குறவங்களுக்கு அதையே நான் சொல்லுவேன்.

காது ஸ்லைடுல மட்டும் வர்ற தலைவலி ஃபோகஸ். நாங்க தெனம் ஸ்கேன் பண்ற பயாப்சி எல்லாம் 4, 5 மைக்ரான் கனம். காது சீவல் 20 மைக்ரான். அந்த லென்ஸுக்குக் கூர்மையாத் தெரியுற ஆழம் ஒண்ணு ரெண்டு மைக்ரான்தான், ஆக ஒரு மட்டத்துல ஃபோகஸ் வெச்சா மேலயும் கீழயும் இருக்குற செல்லெல்லாம் புகையாத்தான் தெரியும். மைக்ராஸ்கோப்ல உக்காந்தா நாம என்ன பண்ணுவோம், ஃபோகஸ் குமிழியை விரல் தானா முன்னும் பின்னும் திருகிட்டே இருக்கும், அப்பதான் அந்த ஹேர் செல்லோட நியூக்ளியஸ் திடீர்னு கண்ணு முழிக்கிற மாதிரி தெளிவாகும். இந்தத் திருகலை டிஜிட்டல்ல கொண்டு வரணும்னா ஒரே இடத்தைப் பல மட்டத்துல எடுக்கணும், பத்து மட்டம்னா ஃபைலும் பத்து மடங்கு. எல்லா ஸ்லைடுக்கும் இது கட்டுப்படி ஆகாது, அதனால காக்ளியா இருக்குற இடத்துக்கு மட்டும் பல மட்டம், மீதிக்கு ஒண்ணுன்னு சமாளிக்கலாம். என்னைக் கேட்டா எல்லாத்தையும் அரைகுறையா எடுக்குறதுக்கு பதிலா நூறு காதை ஒழுங்கா எடுக்குறது மேல். மேலதிகாரிங்களுக்கு எண்ணிக்கைதான் பிடிக்கும், அது வேற கதை.

அப்புறம் பழைய ஸ்லைடு ஸ்கேனருக்குள்ள ஒழுங்காப் போகாது. டெம்போரல் போன் சீவல் பெருசுங்கிறதால கண்ணாடியும் வழக்கத்தை விடப் பெருசா இருக்கலாம், பிசின் வழிஞ்சு ஓரத்துல கட்டி தட்டியிருக்கும், அது தட்டில மாட்டிக்கிச்சுன்னா ஸ்லைடு ரெண்டா போயிடும். ஒவ்வொண்ணையும் கையில எடுத்து ஓரத்தைச் சொரண்டி, பழைய மை, கைரேகையைத் துடைச்சு, வெளிச்சத்துல சாய்ச்சுப் பாத்துத்தான் போடணும். ஸ்கேனிங்னு சொல்றாங்க, வேலையில பாதி துடைக்கிறதுதான்.

இன்னொரு விஷயம், நானே இதுல ஒரு தடவை மாட்டியிருக்கேன், காது ஸ்லைடுல இல்ல, சாதாரண ஸ்லைடுலதான். வகுப்புக்குன்னு ஒரு காலேஜுக்கு ஸ்கேன் அனுப்பினோம், ஃபைல் பேர்ல இருந்த நோயாளி பேரையெல்லாம் எடுத்துட்டு நம்பர் போட்டு பெருமையா அனுப்பியாச்சு. ரெண்டு நாள் கழிச்சு ஒரு ஸ்டூடண்ட் மெயில் போடுறாரு, சார் ஓரத்துல பேஷண்ட் பேரு தெரியுதுன்னு. ஸ்கேனர் சீவலை எடுக்குறதோட ஸ்லைடு ஓரத்துல ஒட்டின லேபிளையும் தனியா ஒரு படம் எடுத்து அதே ஃபைலுக்குள்ள வெச்சுடும், நாங்க அதை மறந்துட்டோம். அன்னிக்குப் பட்ட வெக்கம் இருக்கே. காது கலெக்ஷன்ல பல ஸ்லைடுல லேபிள் கைப்பட எழுதினது, அதனால லேபிள் படத்தைத் தனியா உருவி பூட்டி வெச்சுட்டு, தானம் கொடுத்தவருக்குன்னு ஒரு நம்பர் மட்டும் வெளிய வரணும்.

ஆனா அநாமதேயம்கிற பேர்ல எல்லாத்தையும் துடைச்சுட்டா இன்னொரு தப்பு. வெறும் படம் ஒண்ணுக்கும் உதவாது. இந்தக் காதுக்காரருக்கு எறந்தப்ப என்ன வயசு, எவ்ளோ மணி நேரம் கழிச்சு எலும்பு எடுத்தாங்க, வேலை என்ன, பட்டறையில இருந்தவரா, ஜென்டாமைசின் மாதிரி காதைக் கெடுக்குற மருந்து போட்டாங்களா, ஆபரேஷன் ஏதாவது, எல்லாத்துக்கும் மேல ஆடியோகிராம், எந்தெந்த வருஷம் எந்தெந்த ஃப்ரீக்வென்சியில எவ்ளோ கேட்டுச்சு. பதிவகத்துல எழுதிக் கொடுக்குறவங்க உயிரோட இருக்குறப்பவே இந்த ரிக்கார்டை வாங்கி வெக்கிறது இதுக்குத்தான். உள்காது ஸ்லைடை டிஜிட்டல் ஆக்குறதுன்னா நெஜமான அர்த்தம், அந்தப் படத்தையும் இந்த மனுஷன் எப்படிக் கேட்டாருங்கிற கணக்கையும் பிரிய விடாமக் கட்டிப் போடுறது. படம் எடுக்க மெஷின் இருக்கு, கட்டிப் போடுறதுக்கு மனுஷன்தான் உக்காந்து பழைய கேஸ் ஷீட்டைப் படிச்சு டைப் அடிக்கணும், அதுக்கு யாரும் சீக்கிரம் பணம் ஒதுக்க மாட்டாங்க.

ஃபார்மட்டும் அப்படித்தான். ஸ்கேனர் கம்பெனி ஒவ்வொண்ணும் தனக்குன்னு ஒரு ஃபைல் வகை வெச்சிருக்கு, அந்தக் கம்பெனி மூடினா, இல்ல சாஃப்ட்வேரை நிறுத்தினா, ஃபைல் இருந்தும் தெறக்க முடியாது. எக்ஸ்ரே, சிடிக்கு எல்லா ஆஸ்பத்திரியும் பயன்படுத்துற டைகாம்ங்கிற பொது ஃபைல் வகை இப்ப ஸ்லைடுக்கும் வந்தாச்சு, அதுல மாத்தி வெச்சா பின்னால அழ வேண்டாம்.

படிக்கிறவங்களுக்கு இதுல என்ன லாபம்? ஈஎன்டி படிக்கிற பையனுக்கு உள்காது ஸ்லைடுன்னா புத்தகத்துல அச்சான ஒரே கோணப் படம்தான், அதுவும் அழகா வந்த ஸ்லைடா தேர்ந்தெடுத்துப் போட்டிருப்பாங்க. நெஜ ஸ்லைடுல மடிப்பு இருக்கும், கத்தி கீறின கோடு இருக்கும், எறந்தப்புறம் கரைஞ்ச செல்லு இருக்கும், புதுசாப் பாக்குறவங்க இதையெல்லாம் நோய்னு நெனைச்சுப்பாங்க. தெரிஞ்சவர் ஒருத்தர் அதே ஸ்லைடுல இது நோய், இது கத்தி, இது தாமதமா எடுத்ததால வந்ததுன்னு குறி போட்டு வெச்சுட்டா, அம்பது பேர் அம்பது ஊர்ல இருந்து ஒரே நேரத்துல பாக்கலாம், குறியை மறைச்சு வெச்சுப் பரீட்சையும் வெக்கலாம்.

சீவல் தவிர வேற வழியும் இருக்கு. கோபன்ஹேகன்ல ஒரு குழு டெம்போரல் போனை உறைய வெச்சு, மெல்லிசா சீவச் சீவ மேல தெரியுற பரப்பை போட்டோ எடுத்துக்கிட்டே போனாங்க, சாயம் இல்லாம இயற்கையான நிறத்துலயே. விசிபிள் இயர்னு பேரு, 2002ல வெளியிட்டாங்க. சீவலை எடுக்குறதுக்கு முன்னாடியே போட்டோ எடுக்குறதால அது நெளிஞ்சு கோணலாகுற பிரச்சினை இல்ல, அடுக்கினா நேரா முப்பரிமாணம் வந்துடும். அதை வெச்சு எலும்புல டிரில் போடப் பழகுற சிமுலேட்டர் ஒண்ணு செஞ்சு இலவசமாவே கொடுத்தாங்க. 2019ல எட்டு எலும்பை இதே மாதிரி வழியிலயும் சிடியிலயும் எடுத்து ஓப்பன் இயர்னு பொதுவுல வெச்சாங்க. ஆனா ரெண்டுமே அமைப்பைக் கத்துக்கத்தான், செல் எண்ணணும்னா சாயம் ஏத்தின பழைய சீவலுக்குத்தான் திரும்பணும். நம்ம ஊர்லயும் இதே ரகத்துல ஒரு பெரிய வேலை நடந்திருக்கு, காதுல இல்ல, மூளையில. ஐஐடி மெட்ராஸ்ல எறந்துபோன கருக்குழந்தைகளோட மூளையை சீவி ஸ்கேன் பண்ணி 5,132 சீவல்களை தரணிங்கிற பேர்ல 2024 டிசம்பர்ல எல்லாரும் பாக்குற மாதிரி வெளியிட்டாங்க. சீவி, ஸ்கேன் பண்ணி, அடுக்கித் தெறந்து வெக்கிற கைவரிசை சென்னையிலயே இருக்கு, காதுக்கு வேணுங்கிறது எலும்பும் பொறுமையும்.

ஏஐ எண்ணிடுமான்னு எல்லாரும் கேக்குறாங்க. ஹேர் செல், நரம்பு செல் எண்ணுறதுக்கு உதவும், ஏன்னா இப்ப மனுஷன் கண்ணு வலிக்க எண்ணிட்டு இருக்கான். ஆனா ஏஐ கத்துக்கணும்னா மொதல்ல மனுஷன் எண்ணின ஸ்லைடு நெறய வேணும், எறந்தப்புறம் கரைஞ்ச செல்லை நோயில போன செல்னு சொல்லாம இருக்கக் கத்துக்கணும், அதுக்குத்தான் எத்தனை மணி நேரம் கழிச்சு எடுத்தாங்கங்கிற அந்த ஒரு வரி வேணும்.

இப்படி ஒரு டிஜிட்டல் ஸ்லைடு எங்கயாவது கையில கிடைச்சா எப்படிப் பாக்குறதுன்னு சொல்லிடுறேன். வரிசையில நடு நம்பர் பக்கம் இருக்குற சீவல்களைத் தெறந்து, நத்தையோட நடுத்தண்டு வழியா வெட்டினதைத் தேடி எடுங்க. மொதல்ல பெருசாக்காதீங்க. நடுவுல ஊதா புள்ளி புள்ளியா ஒரு தண்டு, அதோட ரெண்டு பக்கமும் வட்டம் வட்டமா அறை தெரியும், அது வேற வேற அறை இல்ல, ஒரே சுருள் குழாயைத்தான் கத்தி திரும்பத் திரும்ப வெட்டியிருக்கு. கீழ இருக்குற பெரிய வட்டம் கீச்சுச் சத்தத்துக்கு, உச்சியில இருக்குற சின்ன வட்டம் கனத்த சத்தத்துக்கு. இப்ப உச்சி வட்டத்தைப் பெருசாக்குங்க. குறுக்கால ஒரு மெல்லிசான தரை, அது மேல சின்ன மேடு, மேட்டுல ஒரு சுரங்கம் மாதிரி முக்கோண ஓட்டை, அதுக்கு உள்பக்கம் ஒரு ஹேர் செல், வெளிப்பக்கம் மூணு. எண்ணிக்கோங்க, ஒண்ணும் மூணும். அப்புறம் கீழ் வட்டத்துக்கு வந்து அதே இடத்தைப் பெருசாக்குங்க. நெறய பேருக்கு அங்க சுரங்கமே இருக்காது, மேடு தட்டையாப் போயிருக்கும், செல் நின்ன இடம் மழுங்கி ஒரு கோடாத் தெரியும். பக்கத்துல அவரோட ஆடியோகிராமைத் தெறங்க, 2,000 ஹெர்ட்ஸ் வரைக்கும் நேரா வந்த கோடு அதுக்கு மேல மாடிப்படி மாதிரி எறங்கியிருக்கும், பேரன் பேத்தி கீச்சுக் குரல்ல கூப்பிட்டப்ப தாத்தா திரும்பிப் பாக்காம இருந்திருப்பாரே, அந்த இடம் அதுதான்.